பேஸ் எங்கல போச்சு

ரெண்டு வருஷமா எனக்கு இருந்த ஒரே மண்டைக்குடைச்சல் இதுதான், பேஸ்ங்கற அடிச்சத்தத்துக்குனே தனியா வச்சிருக்க ஸ்பீக்கர் பாக்ஸ், பழைய வீட்ல நெஞ்சுல வந்து முட்டிக்கிட்டு இருந்த அந்த சப் ஊஃபர் புது வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஊமையாயிட்டு. அதே பாக்ஸ், அதே ஆம்ப்ளிபயர், அதே வயரு, பாட்டும் அதே பாட்டு. டொம் டொம்முனு ஒரு இரைச்சல் மட்டும் வருது, அதுக்கு அடியில ஓடணும்ல ஒரு பேஸ் கிட்டார், ராஜா பாட்டுல எல்லாம் தனியா இன்னொரு பாட்டு மாதிரி போகுமே, அது சுத்தமா காணோம்.

செட்டப் பெருசா ஒண்ணும் இல்ல, அசெம்பிள் செட்டு தான். 12 இன்ச் ஊஃபர், 18 எம்எம் ப்ளைவுட்ல ஆசாரி அடிச்சுக் குடுத்த பாக்ஸ், காத்து போய் வர்ற ஓட்டைக்கு, அதாவது போர்ட்டுக்கு, 4 இன்ச் பிவிசி பைப்பு, உள்ள 5200 1943 ட்ரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிபயர் போர்டு, 35-0-35 ட்ரான்ஸ்பார்மர். கம்பெனி செட்டு வச்சிருக்கவங்க சிரிப்பாங்க, சிரிச்சுக்கிடட்டும், பழைய வீட்ல வந்து கேட்டவன் ஒருத்தனும் சிரிக்கல.

அந்தப் பழைய வீடு செங்கோட்டையில எங்க தாத்தா கட்டினது. அப்போ ஊரே திருவிதாங்கூர் பக்கம் இருந்துச்சு, 1956 நவம்பர் 1ல தான் இந்தப் பக்கம் சேந்துச்சு, அதனால வீடும் மலையாளத்து வீடு மாதிரியே இருக்கும். ஓட்டுக்கூரை, அதுக்குக் கீழ பலகை அடிச்ச மச்சு, தார்சாவுல மரத்தூணு, எந்த ஜன்னலும் முழுசா சாத்தாது. புது வீடு நாலு பக்கமும் சிமெண்ட் சுவரு, மேல கான்கிரீட்டு, கீழ வழவழனு டைல்ஸ். பழைய வீடு ஓட்டை, புது வீடு பெட்டி. பெட்டிக்குள்ள சத்தம் இன்னும் நல்லா தான இருக்கணும்னு நான் நினைச்சேன் பாத்துக்கிடுங்க, அங்க தான் தப்பு பண்ணிட்டேன்.

முதல்ல ஊஃபர் தான் போயிட்டுனு நினைச்சு இங்க ஒரு கடையில காட்டினேன், கையில வாங்கிப் பாக்கக்கூட இல்ல, காயில் போயிட்டு, மாத்த 1800 ரூவா ஆகும்னாரு. எனக்கு மனசு ஒப்பல. ஊஃபர மட்டும் கழட்டி பழைய சாரத்துல சுத்தி பையில போட்டு புனலூர் ட்ரெயின் ஏறிட்டேன், அங்க ஒரு சேட்டன் ஸ்பீக்கருக்கு கோன் ஒட்டுறதுல கெட்டிக்காரர். அந்த லைன்ல 2018ல அகலப்பாதை வந்தப்புறம் இதுதான் ஒரு சௌகரியம், பதிமூணு கண் பாலத்தப் பாத்துக்கிட்டே மடியில ஊஃபரோட போயிட்டு வந்துடலாம். பக்கத்து சீட்டு அம்மா அது என்ன பலாப்பழமானு கேட்டாவ.

சேட்டன் மீட்டர் வச்சாரு, 6 ஓம் காட்டுச்சு, 8 ஓம் ஊஃபருக்கு அது சரிதான். ரெண்டு கை விரலையும் விரிச்சு கோன சமமா அமுக்கி காதப் பக்கத்துல வச்சாரு, காயில் எங்கயாச்சும் உரசுதானு பாக்க. உரசல. ஒரு பென்டார்ச் பேட்டரிய வயர்ல தொட்டு எடுத்தாரு, கோன் டப்புனு வெளிய வந்துட்டு உள்ள போச்சு. அப்புறம் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதினு ஒரு குழப்பவும் இல்லா மோனே, ரூமாணு பிரச்னம்"னு சொல்லிட்டாரு. காசு வாங்கல, சாயா மட்டும் நான் வாங்கிக் குடுத்தேன். பதிமூணு கண்ணயும் திரும்ப எண்ணிக்கிட்டே வந்தேன், ரூம்ல என்னய்யா பிரச்சனை இருக்கும்னு.

அதுக்கு முன்னாடியே ஊர்ல இருக்க அத்தனை பேரும் சொன்ன ஒரே வைத்தியம் "தூக்கி வை". தரையில வச்சா சத்தம் தரைக்குள்ள போயிடும், உயரத்துல வைல. சரினு முதல்ல ஒரு ஸ்டூல்ல வச்சேன், பெருசா வித்தியாசம் தெரியல. டைனிங் டேபிள் மேல ஏத்தினேன், இருந்த பேஸும் மெலிஞ்சு போச்சு. அப்பா சாப்பிட வந்துட்டு தட்ட கையில வச்சுக்கிட்டே நின்னாவ, "ஏல, இதுக்கும் சோறு போடணுமா?"

உண்மையில எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். நம்ம கோயில் கொடையில சவுண்ட் செட் போடுதவன் என்னைக்காச்சும் பேஸ் பாக்ஸ ஸ்டாண்ட்ல ஏத்திப் பாத்திருக்கமா? டாப் பாக்ஸ தான் ஏத்துவான், பேஸ் எல்லாம் தரையில தான் கிடக்கும். ஏன்னா கீழ போற சத்தத்த தரை திருப்பி விடுது, அது நேரா வர்ற சத்தத்தோட சேந்துக்கிடுது, ஓசியில கிடைக்குற பலம். சுவர ஒட்டி வச்சா சுவரும் அதே வேலை பாக்கும், மூலையில வச்சா ரெண்டு சுவரும் தரையும் சேந்து தள்ளும், ஒரு தடுப்புக்கு 6 டெசிபல் வரைக்கும் கூடும். ஆனா கொடை நடக்குறது வெட்டவெளியில. அங்க திரும்பி வர்றதுக்கு எதிர்ச்சுவரு கிடையாது. வீட்ல நாலு சுவரும் கூரையும் சேந்துக்கிட்டு வேற ஒரு ஆட்டம் ஆடும், அது என்னனு எனக்குப் பிடிபட ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு.

போன்ல டோன் ஜெனரேட்டர்னு ஆப் ஓசியில கிடைக்குது, நாம கேக்குற ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு எத்தனை தடவ ஆடணும்ங்கற கணக்குல, ஊ...னு ஒரே சத்தத்த விடும். அத ஆம்ப்ல கொடுத்து சத்தத்த கம்மியா வச்சு 33 ஹெர்ட்ஸ்ல ஓட விட்டேன். ஏன் 33னா, சத்தம் ஒரு செகண்டுக்கு 343 மீட்டர் போகும், என் ஹால் நீளம் 17 அடி, அதாவது 5.18 மீட்டர், 343அ நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தா 33 சொச்சம் வருது. அந்த ஹெர்ட்ஸ்ல அலை ரெண்டு சுவத்துக்கும் நடுவுல சரியா மாட்டிக்கிடும். ஓடவிட்டு சோபாவுல வந்து உக்காந்தா ஒண்ணுமே இல்ல. ஆம்ப் ஆஃப் ஆயிட்டோனு எந்திரிச்சு பின்னால நாலு அடி நடந்தேன், பட்டுனு ஒரு பாரம் காதுல ஏறுச்சு, பின் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு நின்னா நெஞ்சுக்கூட்ட யாரோ புடிச்சு மெதுவா ஆட்டுத மாதிரி. திரும்ப நாலு எட்டு முன்னால வந்தா காணோம். இப்படியே பத்து தடவ நடந்தேன், நம்ப முடியல எனக்கு. ஒரே ஹால்ல ஒரே சத்தம், ஒரு இடத்துல இடி மாதிரி, ஒரு இடத்துல செவிடு மாதிரி.

சின்னப்புள்ளையில தண்ணித்தொட்டியில இந்த விளையாட்டு விளையாடியிருப்போம், கைய வச்சு தண்ணிய இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டா ரெண்டு ஓரத்துலயும் ஏறி ஏறி இறங்கும், நட்ட நடுவுல மட்டும் மட்டம் மாறாம அப்படியே நிக்கும். அதேதான். என் சோபா இருந்தது 17 அடியில சரியா எட்டரை அடியில. அகலம் 12 அடி, அதுக்கு 47 ஹெர்ட்ஸ் வரும், நான் உக்காருறது அதுலயும் நடு. ஆக ரெண்டு பக்கமும் செவிட்டு இடத்துல குத்தவச்சு உக்காந்துக்கிட்டு காயில் போயிட்டு, மேக்னட் போயிட்டுனு அலைஞ்சிருக்கேன். பேஸ் கிட்டாரோட அடி கம்பி 41 ஹெர்ட்ஸ், இந்த ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல தான் கிடக்குது. ஆனா 33க்கு ரெட்டிப்பு 66 இருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் நடு ஹால் தான் மேடு. அதான் டொம் டொம்முனு அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கு.

பழைய வீட்ல இது ஏன் வரலன்னா, மச்சுப் பலகையும் ஓடும் ஓட்ட ஜன்னலும் பாதிச் சத்தத்த வெளிய விட்டுடும், மீதியில கொஞ்சத்தப் பலகை ஆடி ஆடித் தின்னுடும், அலை சுவத்துக்கு சுவரு மோதி வளர்றதுக்கு இடமே குடுக்காது. கான்கிரீட்டு ஒண்ணையும் தின்னாது, அப்படியே திருப்பி அடிக்கும். இங்க இன்னொண்ணும் கவனிச்சேன், ஆனி ஆடியில சாரல் அடிக்கும்போது கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டா பேஸ் ஒரு மாதிரி கும்முனு அடைச்சுக்கிடும், சித்திரையில எல்லாத்தையும் திறந்து போட்டா இளகிடும். செட்டுல கை வைக்கல, காத்து தான் செட்டிங் மாத்துது.

டைனிங் டேபிள் கதையும் இப்பதான் விளங்குச்சு. உயரத்துக்கும் இதே கணக்கு தான், 10 அடி ஹாலுக்கு 56 ஹெர்ட்ஸ். தரையில இருந்தா சப் ஊஃபர் அத நல்லா தட்டி எழுப்பும், சரிபாதி அஞ்சடி உயரத்துக்குப் போனா எழுப்பவே முடியாது. டேபிள் மேல வச்சப்ப ஊஃபரோட நடு மூன்றரை அடியில இருந்துச்சு, 56 கிட்டத்தட்ட பாதிக்கு மேல செத்துப் போச்சு, அதான் மெலிஞ்ச மாதிரி கேட்டுச்சு. உங்க வீட்ல அந்த ஹெர்ட்ஸ்ல தான் இரைச்சல்னா தூக்கி வைக்குறது மருந்து தான், மாட்டேங்கல. ஆனா அதுக்கு நிஜமாவே மூணடி நாலடி தூக்கணும். அரை அடி தூக்கி வச்சுட்டு பேஸ் டைட் ஆயிட்டு, க்ளியர் ஆயிட்டுங்கறதெல்லாம்... சரி, அந்தக் கதைக்கு அப்புறம் வாரேன், அதுல நானும் குற்றவாளி.

சோபாவ மூணு அடிக்கு கொஞ்சம் கம்மியா பின்னால தள்ளினேன், பின் சுவத்துல இருந்து நீளத்துல மூணுல ஒரு பங்கு. அங்க 33ம் பாதி கிடைக்குது 66ம் பாதி கிடைக்குது, ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துடுது. பின் சுவத்த ஒட்டிப் போட்டா பேஸ் கூடத்தான் கிடைக்கும், ஆனா எல்லா மேடும் அங்க வந்து குவிஞ்சு ஒரே கொழகொழ. அடுக்களைக்குப் போற வழி குறுகிட்டுனு அம்மா ஒரு பாட்டு பாடினாவ, அளந்து காட்டினேன், இன்னும் அஞ்சே முக்கால் அடி கிடக்கு. ஆனா அகலத்துலயும் நடுவ விட்டு ரெண்டு அடி தள்ளி உக்காரணும். அந்த ரெண்டு அடி தள்ளி இருக்குறது சோபாவோட இடது ஓரம், அது எங்கப்பா காலையில பேப்பரும் ராத்திரி நியூஸும் பாக்குற இடம். வீட்லயே நல்ல பேஸ் கிடைக்குற சீட்டு பேஸே பிடிக்காத மனுசன்கிட்ட இருக்கு.

அப்புறம் பாக்ஸ எங்க வைக்குறது. இதுக்கு ஒரு வழி இருக்கு, கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா ஒரு பைசா செலவில்ல. நீங்க உக்காருற இடத்துல சப் ஊஃபர வச்சிடணும், பேஸ் ஓடுற பாட்ட திரும்பத் திரும்ப போட்டுவிட்டு நீங்க சுவரோரமா தவழ்ந்து போகணும், காது தரைக்குப் பக்கத்துல இருக்கணும். எந்த இடத்துல ஒவ்வொரு சுரமும் ஒரே அளவுல தனித்தனியா கேக்குதோ அங்க பாக்ஸக் கொண்டு போய் வச்சுட்டு நீங்க சோபாவுக்குத் திரும்பிடலாம். பாக்ஸும் காதும் இடம் மாறுனாலும் நடுவுல ரூம் பண்ணுற சேட்டை மாறாது, அதான் இதுல உள்ள சூட்சுமம். சத்தம் அதிகமா கேக்குற இடத்தத் தேடாதீங்க, அது மூலையில தான் வரும்.

ராத்திரி 11 மணிக்கு அப்பா சீட்டுல பாக்ஸத் தூக்கி வச்சுட்டு நான் சுவரோரமா முட்டி போட்டு ஊர்ந்துக்கிட்டு இருக்கேன், அம்மா தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தாவ. லைட்டப் போட்டுட்டு, "ஏல, என்னத்தத் தேடுத? காசு எதுவும் உருண்டுட்டா?" பேஸ தேடுதேன்மானு சொன்னேன். ஒண்ணும் சொல்லல, லைட்ட அணைக்காம போயிட்டாவ.

டிவி மூலையில, அதாவது ரெண்டு வருஷமா பாக்ஸ் இருந்த இடத்துல, எல்லாம் சேந்து குழம்பிக் கேட்டுச்சு. டிவிக்கு நேர் கீழ சுமார். சைடு சுவத்துல தையல் மெஷினத் தாண்டும்போது சட்டுனு கிட்டார் கம்பி மேல விரல் நகர்றது வரைக்கும் தனியா விழுந்துச்சு. ரெண்டடி தாண்டுனா மறுபடி மங்குது. சாக்பீஸ்ல கோடு போட்டு டேப் வச்சு அளந்தா டிவி சுவத்துல இருந்து நாலே கால் அடி. 17ல கால்வாசி. அப்புறம் யோசிச்சா சரிதான், 66 ஹெர்ட்ஸுக்கு கால்வாசி தூரம் தான் செவிட்டு இடம், அங்க பாக்ஸ் இருந்தா அந்த டொம் டொம்ம எழுப்பவே முடியாது. தையல் மெஷின் ஜன்னல் ஓரத்துக்குப் போச்சு, வெளிச்சம் நல்லா இருக்குனு அம்மாவுக்கு அதுல சந்தோசம் தான். பாக்ஸ சுவரோட ஒட்டித்தான் வச்சேன். நடு ஹாலப் பாத்து மூன்றரை அடி தள்ளி வச்சிருந்தா சுவத்துல பட்டுத் திரும்புற அலை 80 ஹெர்ட்ஸ் பக்கம் நேரா வர்றத வெட்டிடும், அதுவும் சேந்து ஒரு தலைவலி.

இடம் மாத்துனா ரெண்டு திருகாணிய மறுபடி பாக்கணும். ஒண்ணு ஃபேஸ் சுவிட்ச், நான் பாட்டுல வர்ற பேஸப் பத்திச் சொல்லல, 0, 180னு இருக்குமே அது, கோன் முதல்ல வெளிய தள்ளணுமா உள்ள இழுக்கணுமானு மாத்துறது. யாரையாச்சும் திருப்பச் சொல்லிட்டு நீங்க உக்காந்து கேளுங்க, எதுல சத்தம் நிறைவா இருக்கோ அதுல விட்டுடுங்க. இன்னொண்ணு கட் ஆஃப், எந்த ஹெர்ட்ஸுக்கு மேல சப் ஊஃபருக்குப் போகாம வெட்டணும்ங்கறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ சத்தம் எங்க இருந்து வருதுனு நம்ம காதுக்குப் புடிபடாது, அதனால பாக்ஸ் எங்க கிடந்தாலும் பரவாயில்ல, வீட்டு தியேட்டர் செட்டுக்கு தரம் பாத்து முத்திரை குத்துற டிஎச்எக்ஸ்காரங்க கணக்கும் அந்த 80 தான். என் பில்டர் போர்டுல ஹெர்ட்ஸ் எழுதியா இருக்கு, மினிமம் மேக்ஸிமம்னு மட்டும் தான். நான் மேல ஏத்தி விட்டுட்டேன் போல, ராத்திரி அப்பா நியூஸப் போட்டுட்டு கூப்பிடுதாவ, "ஏல, இங்க வா, செய்தி வாசிக்கவன் தையல் மெஷின் இருந்த இடத்துல உக்காந்து வாசிக்கான்." ஆம்பளக் குரலோட அடிச்சத்தம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அது சப் ஊஃபருக்குள்ள இறங்கிட்டு. குரல் டிவிக்குத் திரும்புற வரைக்கும் திருகிக் குறைச்சேன், அதுதான் என் 80.

பேஸ் ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் வீட்டு சாமான் எல்லாம் பாட ஆரம்பிச்சுட்டு. 30ல இருந்து 100 வரைக்கும் டோன மெதுவா ஏத்திக்கிட்டே போனா ஒவ்வொருத்தரும் மாட்டுவாங்க, என் வீட்ல 52ல பீரோ சாவி கிணுகிணுனு, 61ல ஷோகேஸ் கண்ணாடி, 70 கிட்ட தினசரி காலண்டர் அட்டை சுவத்துல டப டபனு. சாவியக் கழட்டினேன், அட்டைக்குப் பின்னால சைக்கிள் ட்யூப் துண்டு ரெண்டு ஒட்டினேன். டோன ரொம்ப நேரம் சத்தமா விடாதீங்க, காயில் சூடாகி நிஜமாவே போயிடும், போர்ட் வச்ச பாக்ஸ்ல 30க்குக் கீழ போனா கோன் கட்டுப்பாடில்லாம ஆடும்.

ரெண்டாவது சப் ஊஃபர் வாங்கலாமானு கேக்குறவங்களுக்கு, ஹர்மன் கம்பெனியில டாட் வெல்டினு ஒருத்தர் 2002லயே இதக் கணக்குப் போட்டு வச்சிருக்காரு, செவ்வக ரூம்ல எதிர் எதிர் சுவத்து நடுவுல ரெண்டு வச்சா எல்லா சீட்டுக்கும் ஓரளவு ஒரே மாதிரி வரும், நாலுக்கு மேல வச்சு பெருசா லாபமில்ல. நான் வாங்கல. அப்பா சீட்டு ஒண்ணு போதும், அவிய தூங்குனதுக்கு அப்புறம்.

இப்ப அந்த அரை அடிக் கதை. எல்லாம் சரியானதுக்கு அப்புறமும் கை சும்மா இருக்கல. கருங்கல் மேல வச்சா பேஸ் இறுகும்னு எவனோ சொன்னான்னு, பின்கட்டுல கிடந்த அம்மிய உருட்டிக் கொண்டாந்து, அடியில ரப்பரு, மேல ரப்பரு, நடுவுல அம்மி, அதுக்கு மேல பாக்ஸ். அப்பா பாத்துட்டு "அம்மியில பேஸ் அரைக்கியால"னாவ. எனக்கு ஒரே பெருமை. நாலு பேரக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டி, பாத்தியா கல்லு வச்சதும் எப்படி இறுகிட்டுனு, அவனுகளும் ஆமாமானு தலைய ஆட்டுனானுக. 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டரை மீட்டர், 28 அடி வரும், அதுக்கு முன்னால அம்மியோட அரை அடி என்ன பண்ணும்? தரையும் மண்ணு மேல கிடக்குற சிமெண்ட் தரை, அது ஆடவே போறதில்ல. மாடியில இருக்கவங்க, மச்சு வீட்டுக்காரங்க அடியில தடிச்ச ரப்பரோ ஃபோமோ போடலாம், பலகை உதறாது, கீழ இருக்கவன் சண்டைக்கு வரமாட்டான். அதுலயும் ஊஃபர் தரையப் பாத்து இருக்க பாக்ஸா இருந்தா நேரா ஸ்பாஞ்சு மேல வைக்காதீங்க, அடைச்சுக்கிடும்.

இதெல்லாம் தெரிஞ்சும் அம்மி வச்சப்புறம் இறுகிட்டுனு தான் எனக்குக் கேட்டுச்சு, சத்தியமா கேட்டுச்சு. போன வாரம் அத்தை வந்திருந்தாவ. செவ்வாய்க்கிழமை ராத்திரி பாட்டு கேட்டேன், புதன் கேட்டேன், வியாழன் ஒரு படமே பாத்தேன், ஆஹா ஓஹோனு தான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வயர் ஒண்ணு லூசா இருக்குனு பின்னால குனிஞ்சு பாத்தா அம்மியக் காணோம், பாக்ஸ் வெறும் டைல்ஸ் மேல உக்காந்திருக்கு. அம்மாட்ட கேட்டேன். செவ்வா மத்தியானமே அத்தையும் அவியளும் சேந்து பாக்ஸ இறக்கி வச்சுட்டு மீன் குழம்புக்கு அரைக்க எடுத்துட்டுப் போயிட்டாவளாம். "ஏன், ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டியே, தெரியலையா"ங்காவ.